அறுபதாயிரம் ரூபாய், மூன்று மாதம்: நேரில் போவதா, இணையத்தில் பழகுவதா?

பெருந்துறையிலிருந்து ஓர் இளைஞர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். லாரி உரிமையாளர்களுக்கான மென்பொருள் ஒன்றைத் தனியாளாக எழுதி முடித்திருக்கிறார். டீசல், சுங்கம், டயர், டிரைவர் பேட்டா, முன்பணம் எல்லாவற்றையும் ட்ரிப் வாரியாகக் கணக்கு வைத்து, எந்த வண்டி சம்பாதிக்கிறது, எந்த வண்டி சம்பாதித்ததைத் தின்கிறது என்று மாதக் கடைசியில் காட்டிவிடும். நன்றாகவே செய்திருக்கிறார். கையில் அறுபதாயிரம் ரூபாயும் மூன்று மாத அவகாசமும் இருக்கின்றன. அதன்பிறகு வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணா, இந்தப் பணத்தில் பெங்களூரு, சென்னை என்று புதுத் தொழில் நிறுவனர்கள் கூடுகிற இடங்களுக்குப் போய் வரட்டுமா? இல்லை, வீட்டிலேயே உட்கார்ந்து லிங்க்ட்இன்னில் தினமும் எழுதித் தொடர்பு வளர்க்கட்டுமா? அதுவும் இல்லையென்றால் சங்ககிரி, நாமக்கல் என்று வண்டிக்காரர்களைத் தேடிச் சுற்றட்டுமா?" என்று கேட்டார்.

அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். கோவையில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் விற்கத் தொடங்கி எனக்கு இது ஏழாவது வருடம். அவர் சொன்ன மூன்று வழியிலும் நானே நடந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். நம்மிடம் "சரி" என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு என்ன போகும்? நான் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று இணையத்தில் கேட்கிறோம். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதுகிறார். அவருக்குப் போவது ஐந்து நிமிடம். அதற்கு நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு பனியன் கம்பெனி முதலாளி தன்னுடைய காஸ்டிங் விவரத்தை நம் மென்பொருளில் ஏற்றுகிறார் என்றால் கதை வேறு. ஒரு பீஸுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்பது பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த சீசன் ஆர்டரே கைமாறிப் போகலாம். ஓர் ஆடிட்டர் தன் வாடிக்கையாளரிடம் நம்மைச் சிபாரிசு செய்கிறார் என்றால், நாம் சொதப்பும்போது கெடுவது அவருடைய இருபது வருடப் பெயர். இப்படிப் பணத்தையோ பெயரையோ பணயம் வைத்துச் சொல்ல வேண்டிய "சரி"யைத் திரை வழியாக வாங்கிவிடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இதை ஒட்டிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. மஹ்தி ரோகனிசாத், வனேசா போன்ஸ் இருவரும் செய்தது. நாற்பத்தைந்து பேரிடம், ஆளுக்குப் பத்து அந்நியர்களை ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி கேட்கச் சொன்னார்கள். பாதிப் பேர் மின்னஞ்சலில் கேட்டார்கள், பாதிப் பேர் நேரில் கேட்டார்கள். கேட்ட வாசகம் ஒன்றேதான். நேரில் கேட்டதற்கு 34 மடங்கு அதிகப் பலன் கிடைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: கேட்கப் போனவர்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும் என்றுதான் முன்கூட்டி நினைத்திருந்தார்கள். நாம் எழுதும் மின்னஞ்சல் நமக்குத் தெளிவாக இருக்கிறது, நம் நேர்மை நமக்குத் தெரிகிறது. வாசிப்பவருக்கு அது எதுவும் தெரிவதில்லை.

சனிக்கிழமை நான்கு மணி

தொழில் தொடங்கிய புதிதில், அனுப்பர்பாளையத்துக்கு அருகே ஒரு கம்பெனி முதலாளி சந்திக்க நேரம் கேட்டதற்கு, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறேன் என்று நானே சொன்னேன். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள் என்பதை யோசிக்கவில்லை. போனபோது கணக்கு அறை வாசலில் வரிசை நின்றது. முதலாளி என்னைப் பார்த்து, "உட்காருங்கள் தம்பி, இதோ வந்துவிடுகிறேன்" என்றார். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் பார்த்ததுதான் இன்று என் தொழிலே. கணக்குப் பார்க்கிற அக்காவின் முன்னால் நீளமான பேரேடு. அதில் சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்த பீஸ் கணக்கு. ஓவர்லாக் மெஷின் டெய்லர், பேட்லாக் மெஷின் டெய்லர் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. அன்றன்றைக்குத் தைத்த பீஸை அவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா பேரேட்டில் விரல் வைத்து ஒரு எண்ணைச் சொல்கிறார். டெய்லர் நோட்டைத் திருப்பிக் காட்டி வேறு எண்ணைச் சொல்கிறார். உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார்கள். புதன்கிழமை மதியம் எந்த ஸ்டைல் ஓடியது, கரண்ட் எப்போது போனது என்று மூவரும் நினைவுபடுத்திப் பார்க்கிறார்கள். வரிசை அப்படியே நிற்கிறது. ஒரு பெண் நோட்டுக்கு நகைக்கடைக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். தன் முறை வரும்வரை அதைக் கையிலேயே சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். நாற்பது பீஸ் வித்தியாசத்துக்காக அவர் அன்று கால் மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

என் மென்பொருளில் சூப்பர்வைசர் பதிவு மட்டும்தான் இருந்தது. அந்தச் சின்ன நோட்டுக்கு இடமே இல்லை. ஊருக்குத் திரும்பி, டெய்லரின் கைபேசிக்கு அன்றைய கணக்கு அன்று மாலையே போகும்படியும், தவறிருந்தால் அப்போதே அவர் மறுப்புச் சொல்லும்படியும் மாற்றினேன். இன்றுவரை கம்பெனிகள் என்னிடம் வாங்குவதற்கு அந்த ஒரு வசதிதான் முதல் காரணம். வீடியோ அழைப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. தினமும் கண்ணெதிரே நடப்பது சொல்ல வேண்டிய செய்தியாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்த முதலாளி அன்று வாங்கவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அவரே போன் எடுத்து இரண்டு பேரிடம் பேசினார். நேரில் போவதன் பலன் இப்படித்தான் வருகிறது: நெடுநாள் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு ஒரே நாளில் மூன்றாக.

செலவு என்னவென்றால், நாள். கோவையிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான். 2025 அக்டோபரில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தபின் ஊரைவிட்டு வெளியேறும் அவதியும் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நாளில் மூன்று கம்பெனிக்கு மேல் என்னால் உருப்படியாகப் பார்க்க முடிந்ததில்லை. நாளும் கிழமையும் வேறு பார்க்க வேண்டும். திருப்பூருக்கு வெள்ளி, சனி ஆகாது. ஈரோட்டு ஜவுளிக்காரர்களைச் செவ்வாய்க்கிழமை சந்தை நாளில் தேடிப்போனால் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் போனஸ் கவலை. பிந்தைய இரண்டு வாரம் ஊரில் ஆளே இருக்காது. முகூர்த்த நாளில் முதலாளி மண்டபத்தில் இருப்பார். அங்கேயே அவரைப் பார்த்து வணக்கம் சொல்லலாம். ஆனால் பந்தி வாசலில் மென்பொருள் பேசாதீர்கள்.

"எந்த ஊர், யார் வீடு?"

நேரில் பழகுவதை இவ்வளவு உயர்த்திச் சொல்கிற நான் அதன் கெடுதலையும் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் அறிமுகம் என்பது பெரும்பாலும் உறவு வழியாகவும், படித்த கல்லூரி வழியாகவும், சாதி வழியாகவும் ஓடுகிறது. முதல் கேள்வியே "எந்த ஊர், யார் வீடு?" என்பதுதான். பதில் பொருந்தினால் கதவு சீக்கிரம் திறக்கும். பொருந்தாதவர் வெளியிலேயே நிற்பார். எனக்கு அந்தக் கதவு திறந்தது; என் திறமை மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தாராபுரம் பக்கத்துப் பெண் ஒருவர் மருந்துக்கடைகளுக்கான மென்பொருள் செய்கிறார். நேரில் போன இடத்தில் எல்லாம் அப்பா என்ன செய்கிறார், வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு ஹோட்டலில் நடக்கும் தொழில் கூட்டங்களில் முப்பது ஆண்களுக்கு நடுவே தனியாக நிற்பது அவருக்குச் சலித்துவிட்டது. அவர் தமிழில் இரண்டு நிமிட வீடியோக்கள் போடத் தொடங்கினார். காலாவதி ஆகப்போகும் மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்புவது எப்படி, அதற்கான பணம் கணக்கில் வந்ததா என்று சரிபார்ப்பது எப்படி என்பது போன்றவை. கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவை சுற்றின. இப்போது அவருக்கு வரும் அழைப்பில் முதல் கேள்வி மென்பொருளைப் பற்றியதாக இருக்கிறது. இணையம் அவருக்குச் செய்து கொடுத்தது இதுதான்: ஆளை எடைபோடுவதற்கு முன் வேலையைப் பார்க்க வைத்தது. நேரில் போவதே சிறந்தது என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இவரைப் போன்றவர்களை மறந்துவிடுகிறார்கள்.

உறவு வழி வருகிற அறிமுகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாமா ஒருவர், அவருடைய சம்பந்தி ஒருவர், அவருடைய பங்காளி ஒருவர் என்று முதல் நான்கு வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். பிறகு அப்படியே நின்றுவிடும். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அதே நூறு பேர்தான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார்: புதிய செய்தி நெருங்கியவர்களிடமிருந்து வருவது குறைவு, அரைகுறையாகப் பழகியவர்களிடமிருந்து வருவது அதிகம். 2022-ல் லிங்க்ட்இன் பயனர்கள் இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு வெளியானபோது, வேலை மாறுவதில் அது பெரும்பாலும் உண்மை என்று தெரிந்தது. மிக நெருங்கியவரும் இல்லை, முற்றிலும் அந்நியரும் இல்லை, நடுத்தரமான பழக்கம்தான் அதிகம் உதவியது. அந்த நடுத்தரப் பழக்கத்தை நூற்றுக்கணக்கில் வைத்துக் காப்பாற்ற இணையத்தைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வாடிக்கையாளர் கடல் கடந்து இருந்தால்

பீளமேட்டில் என் நண்பர் ஒருவர் இணையக் கடைகளுக்கான சிறு இணைப்பு மென்பொருள் விற்கிறார். வாடிக்கையாளர்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் சந்தேகம் கேட்கும் தளங்களில் இரண்டு வருடம் இரவு தோறும் பதில் எழுதினார். தன் பொருளை விற்பதற்காக எழுதியதைவிட மற்றவர் சிக்கலைத் தீர்த்து எழுதியதுதான் அதிகம். அவருக்குத் திருப்பூர் போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை. மாதம் சில டாலர் கட்டுகிறவருக்கு "சரி" என்று சொல்வதில் போவது அந்தச் சில டாலர்தான். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடுவார்.

பெரிய உதாரணங்களும் இதையே சொல்கின்றன. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கை 2010-ல் தொடங்க கிரீஷ் மாத்ருபூதத்துக்குத் தூண்டுதலாக இருந்தது, போட்டி நிறுவனம் ஒன்று விலை ஏற்றியதைப் பற்றி மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் படித்த ஒரு பின்னூட்டம். நம் கோவையோடு சேர்ந்த உதாரணம் கோவை.கோ என்னும் மென்பொருள் நிறுவனம். அதை நிறுவிய சரவண குமார், நிறுவனங்களின் வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிஸ்டாக் என்னும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளைப் பற்றி இணையத்தில் எழுதி அந்தச் சிறு வட்டத்தில் பெயர் பெற்றவர். அந்த வட்டத்துக்காகவே 2011-ல் பிஸ்டாக்கைக் கண்காணிக்கும் பிஸ்டாக்360 வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த படி. எழுத்தில் கிடைத்த பழக்கத்தை அப்படியே விட்டுவிடாமல், அதே வட்டத்தினரை இன்டெக்ரேட் என்ற மாநாட்டுக்காக ஆண்டுதோறும் லண்டனில் நேரில் கூட்டினார்கள். பெரிய நிறுவனங்களுக்கு விற்கும்போது வாங்குபவர் பணயம் வைப்பது பெரிது. முகம் அங்கேயும் தேவைப்பட்டது.

நான் செய்த தவறு இதற்கு நேர் எதிர். ஒரு வருடம் முழுக்க தினமும் ஒரு மணி நேரம் லிங்க்ட்இன்னில் எழுதினேன். விருப்பக்குறிகள் நிறைய வந்தன. இட்டவர்கள் எல்லோரும் என்னைப் போன்ற நிறுவனர்கள். பனியன் கம்பெனி முதலாளிகள் அங்கே படிப்பதில்லை. அந்த எழுத்தால் ஒரு நல்ல நிரலாளர் வேலைக்குக் கிடைத்தார், ஒரு முதலீட்டாளரின் அறிமுகம் கிடைத்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. இணையத்தில் பழகுவது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் இருபத்தைந்து மணி நேரம் என்பது மூன்று முழு வேலை நாள். அந்த மூன்று நாளில் ஒன்பது கம்பெனிப் படி ஏறியிருக்கலாம்.

நிறுவனர் கூட்டங்கள்

நிறுவனர்கள் கூடுகிற இடங்களுக்குப் போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டை கோயம்புத்தூர், ஸ்டார்ட்அப் டிஎன், குமரகுரு வளாகத்து ஃபோர்ஜ், பி.எஸ்.ஜி. ஸ்டெப் என்று புதுத் தொழில் தொடங்குவோருக்கான இடங்கள் ஊருக்குள்ளேயே உண்டு. 2025 அக்டோபரில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாடே நடந்தது. இவற்றுக்குப் போய் வாருங்கள். ஆனால் வாடிக்கையாளர் கிடைப்பார் என்று போகாதீர்கள். அங்கே கிடைப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள். சம்பளம் தர முடியாத மாதத்தில் என்ன செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். அது வீட்டிலும் கேட்க முடியாத கேள்வி. அந்தப் பேச்சு மேடை முன் நடப்பதில்லை, முடிந்தபின் நான்கைந்து பேர் டீக்கடையில் நிற்கும்போது நடக்கிறது.

முதலீட்டாளர் வேண்டுமென்றால் முதல் பேச்சைத் திரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு அவர்களுக்கும் அது பழகிவிட்டது. சென்னைக்கு வந்தே பாரத்தில் ஆறு மணி நேரம், பெங்களூருக்கும் அதை ஒட்டித்தான். இருபது நிமிடப் பேச்சுக்காக ஒரு நாளையும் டிக்கெட்டையும் செலவழிப்பது, அவர் உண்மையாகவே பணம் போட நினைக்கிறார் என்று தெரிந்தபிறகு செய்ய வேண்டிய காரியம்.

தொழில் கண்காட்சிகள் வேறு வகை. கொடிசியாவின் இயந்திரக் கண்காட்சியான இன்டெக், வேளாண் கண்காட்சியான அக்ரி இன்டெக்ஸ் போன்றவற்றில் நிற்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள். முதல் முறை ஸ்டால் எடுக்காதீர்கள். காலையில் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் பார்வையாளராகப் போனால், கூட்டம் சேர்வதற்கு முன் ஸ்டால்காரர்கள் நின்று பேசுவார்கள்.

நேரில் பார்த்தபின் வாட்ஸ்அப்

கொங்கு நாட்டுத் தொழிலில் இணையம் என்றால் நடைமுறையில் வாட்ஸ்அப்தான். நூல் விலை அதில் வருகிறது, முட்டை விலை அதில் வருகிறது, லோடு இருக்கிறதா என்ற கேள்வியும் அதில் வருகிறது. ஆனால் முன்பின் பார்க்காத ஒருவருக்கு அதில் விற்பனைச் செய்தி அனுப்பினால் அழித்துவிடுவார்கள். நேரில் ஒரு முறை பார்த்து, அன்று மாலையே "நீங்கள் கேட்ட அறிக்கை இப்படி வரும்" என்று அவருடைய கணக்கை வைத்தே ஒரு படம் அனுப்பினால், அதை மேனேஜருக்கும் மகனுக்கும் அனுப்புவார்கள். என் அனுபவத்தில் இரண்டாவது சந்திப்பு கிடைப்பது பெரும்பாலும் அந்தப் படத்தால்தான். காலை வணக்கப் படங்கள் மட்டும் வேண்டாம்.

பெருந்துறைத் தம்பிக்கு

அவருடைய வாடிக்கையாளர் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இருக்கிறார். ஒரு லாரிக்காரர் தன் ட்ரிப் கணக்கைத் தருவது என்பது தன் வருமானத்தையே திறந்து காட்டுவது. ஆகவே நாற்பதாயிரத்தைச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். எட்டாயிரத்தில் டயர் கணக்கு, டீசல் கணக்கு பற்றித் தமிழில் சில வீடியோக்கள். அவர் நேரில் போய்ப் பார்த்த வண்டிக்காரர்கள் அவற்றை மற்றவர்களுக்கு அனுப்புவதற்காக. மிச்சம் பன்னிரண்டாயிரத்தைத் தொடக்கூடாது. பணம் கட்டும் வாடிக்கையாளர் ஐந்து பேர் சேர்ந்தபின் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு முறை போய் வர அது. இதே இளைஞர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கிறவராக இருந்திருந்தால் இந்தக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லியிருப்பேன்.

"எங்கே போய் நிற்பது அண்ணா? ஆபீஸுக்குப் போனால் அவர்கள் இருப்பதே இல்லை" என்றார். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, காட்ட வேண்டும். அதற்கு முன் வண்டி பெயிண்டுக்கும் பாடி வேலைக்கும் பட்டறையில் நாள் கணக்கில் நிற்கும். ஓடாத வண்டியின் பக்கத்தில் உரிமையாளர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செலவையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அப்போது அவருக்கு நேரமும் இருக்கும், செலவுக் கணக்கின் வலியும் இருக்கும். அங்கே போங்கள், முதல் நாள் மென்பொருளைப் பற்றிப் பேசாமல் அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் பார்க்கக் கேளுங்கள் என்றேன்.

நேற்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கிரீஸ் பட்ட சீட்டு ஒன்றில் பென்சிலில் எழுதிய பதினான்கு வரிகள். அதில் மூன்று செலவுக்கு அவருடைய மென்பொருளில் இன்னும் இடமே இல்லையாம்.